சாக்ஸ் தையல் குத்துகிறது என்று தினமும் அழும் மகன், பிடிவாதம் இல்லைதானே?

கேள்வி: ஆதியின் அம்மா

மகனுக்கு ஐந்தரை வயது. பள்ளிக்குக் கிளம்பும் அரை மணி நேரம் தினமும் போராட்டம்தான். சாக்ஸை மாட்டியதும் விரல் நுனித் தையல் "குத்துது, குத்துது" என்று கத்திக் கழற்றி எறிவான், திரும்ப மாட்டுவோம், திரும்பக் கழற்றுவான், நாலைந்து தடவை இப்படியே போகும். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டிவிட்டேன். வெட்டிய மிச்சம் உறுத்துகிறதாம். நான் விரலால் எவ்வளவு தடவிப் பார்த்தாலும் எனக்குத் தட்டுப்படுவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அலறல், கை உலர்த்தும் மெஷின் இருக்கும் கழிவறைக்குள் வரவே மாட்டான்.

ஆனால் இதே பிள்ளை சோபாவிலிருந்து தொப்பென்று குதிப்பான், வேண்டுமென்றே சுவரில் போய் மோதுவான், முட்டி சிராய்த்து ரத்தம் வந்தால்கூடக் கவனிக்க மாட்டான். "நூல் குத்துற பிள்ளைக்கு இது மட்டும் வலிக்காதா, நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். நேற்று பொறுமை போய் அடித்துவிட்டேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை, அதாவது உடுத்துவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவரைப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆறு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அதுவரை நான் என்ன செய்ய?

பதில் 1: இரண்டு பெண்களின் தாய்

அடித்ததையே நினைத்து மருகாதீர்கள் தங்கச்சி. "அம்மா அடிச்சது தப்பு" என்று அவனிடம் சொல்லிவிடுங்கள், ஐந்தரை வயதுக்கு நன்றாகவே புரியும். என் மூத்தவளுக்கு இப்போது பதினொன்று, இதே பாதையில் வந்தவள்.

சாக்ஸை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மாட்டுங்கள், தையல் மேடு தோலில் படாது. ஷூவுக்குள் யாருக்கும் தெரியப்போவதில்லை. லேபிளைக் கத்தரிக்கவே கூடாது, வெட்டிய விளிம்பு விறைத்து நின்று முன்னைவிட மோசமாக உறுத்தும். ஊசி முனையால் அதைப் பிடித்திருக்கும் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து முழுசாக எடுங்கள், கால் மணி நேர வேலை. புதுத் துணியை நாலைந்து முறை துவைத்த பிறகு போடுங்கள். அப்புறம், மறுநாள் உடுத்துவதை முந்தின இரவே அவனையே போட்டுப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அவசரம் இல்லாத நேரத்தில் அவனால் பொறுமையாகச் சொல்ல முடியும்.

தலைக்குளியலில் என் மகளுக்குத் தண்ணீரைவிடத் தலையைப் பின்னால் சாய்ப்பதுதான் பயம், கீழே விழுகிற மாதிரி இருந்ததாம். அதை அவள் வாயால் சொல்ல எட்டு வயதாயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தபடி, மடித்த துண்டைக் கண்ணில் அழுத்திக்கொண்டு, பத்து எண்ணுவதற்குள் முடித்துவிடுவோம் என்று ஒப்பந்தம் போட்டோம். பத்து என்றால் பத்தேதான், அதற்கு மேல் ஒரு குவளை ஊற்றினாலும் நம்பிக்கை போய்விடும்.

பதில் 2: குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. தோலில் படும் லேசான தொடுதலை ஒரு வழியாகவும், தசையிலும் மூட்டிலும் விழும் அழுத்தத்தை இன்னொரு வழியாகவும் உடம்பு உணர்கிறது. ஒரே குழந்தைக்கு முதலாவது மிக அதிகமாகவும் இரண்டாவது போதாமலும் இருக்கலாம். போதாததைத் தேடித்தான் குதிக்கிறான், மோதுகிறான். இந்தக் கோணத்தை 1960, 70களில் விரிவாக வளர்த்தெடுத்தவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட்.

அந்தத் தேடலை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிடலாம். உடுத்துவதற்கு முன் பத்து நிமிடம் சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொல்லுங்கள், புத்தகக் கட்டைத் தூக்கி அடுத்த அறையில் வைக்கச் சொல்லுங்கள். சாக்ஸ் மாட்டும் முன் பாதத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், மெல்ல வருடினால் கூசும். அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எடை வைத்த போர்வை என்று விற்பதை, உங்கள் மகனை நேரில் பார்த்த தெரபிஸ்ட் ஒருவர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர்கள் நோயை அடையாளம் காணப் பயன்படுத்தும், 2013ல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் இந்தப் புலன் பிரச்சினை தனி நோயாக இடம்பெறவில்லை, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத்தான் புலன் வேறுபாடு வருகிறது. அதற்காக உங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேச்சு, விளையாட்டு, கவனம் எல்லாவற்றையும் சேர்த்து முழு மதிப்பீடு கேளுங்கள், காதையும் சோதித்துவிடுங்கள். எதற்கு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் அழுதான் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்த மாதிரி.

பதில் 3: ஒரு அப்பா

சத்தத்துக்குக் காது மூடும் ஹெட்போன் வாங்கினால் தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள். எங்கள் மகனுக்கு நாங்கள் நாள் முழுக்க மாட்டிவிட்டோம், கழற்றினால் கதவு சாத்தும் சத்தத்துக்கே நடுங்க ஆரம்பித்தான், அதிலிருந்து மீட்க மாதக்கணக்கானது. வெடித்து அழும்போது காரணம் கேட்காதீர்கள், எதுவும் உள்ளே போகாது. விளக்கைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஆதியின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை சுவரைத் தள்ளச் சொன்னேன், "அம்மா, வீடு நகருதா பாரு" என்று சிரித்தான். திருப்பிப் போட்ட சாக்ஸ் இரண்டாவது தடவையிலேயே நின்றுவிட்டது அக்கா. சட்டைக்கு மட்டும் அழுதான். லேபிள் நூலை இப்போதுதான் பிரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் மூன்று சட்டை பாக்கி. நோட்டில் எழுதுவதை மாமியாரிடம் ஒப்படைத்திருக்கிறேன். முதல் நாளே, "மிக்ஸி போடும்போது காதைப் பொத்தினான், 7.40" என்று அவராகவே குறித்து வைத்திருக்கிறார்.