குமாரபாளையம்: குழந்தைகள் காப்பகமும் மாலை விளையாட்டும் ஒரே சமுதாயக்கூடத்தில் சரிப்படுமா?

பாவுநூல் (இழையைத் தொடங்கியவர்)

விசைத்தறிக்குத் தார் (ஊடைநூல் கண்டு) சுற்றுகிற அம்மா காலை எட்டு மணிக்குத் தறிக்கூடத்துக்குள் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருகிறார். பாலவாடி மாலை நான்கு மணிக்குள் மூடிவிடும். மிச்சமுள்ள நேரத்தைப் பக்கத்து வீட்டுப் பாட்டியோ, ஐந்தாம் வகுப்பு படிக்கிற அக்காவோ சுமக்க வேண்டியிருக்கிறது.

முதலாளியைக் காப்பகம் வைக்கச் சொல்லலாமே என்று கேட்பவர்களுக்கு: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் வந்த மகப்பேறு நலத் திருத்தம் 50 பேர் என்று கணக்கு வைத்தது. எட்டுத் தறி ஓடும் கூடத்தில் மொத்தமே நாலைந்து பேர். எந்தக் கணக்கை எடுத்தாலும் விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அதற்குள் வராது. ஆகவே இது நகராட்சி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

என் யோசனை இதுதான். 60க்கு 30 அடி சமுதாயக்கூடம் ஒன்றை எடுத்து, நடுவில் பிளைவுட் தடுப்புப் போட்டு, ஒரு பாதியில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை 40 பிள்ளைகளுக்குக் காப்பகம், காலை 7.30 முதல் இரவு 8.30 வரை. மறு பாதியில் மாலை 5 மணியிலிருந்து 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குக் கபடி, சிலம்பம், கேரம். கட்டடம் ஒன்று, காவலாளி ஒருவர், தண்ணீர்த் தொட்டி ஒன்று. குறைகளைச் சொல்லுங்கள்.

தொட்டில்கயிறு

நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. அந்தத் தடுப்பில்தான் சண்டை.

அளவை முதலில் பார்ப்போம். காப்பகத்துக்கான 2018ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல் ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி என்கிறது. 40 பிள்ளைக்கு 480 சதுர அடி. உங்கள் பாதிக் கூடம் 900. தாளில் தாராளமாகத் தெரியும். ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்த அறைக்குள் என்ன நடக்கும்? பகல் முழுக்க அம்மாவைப் பிரிந்த ஒன்றரை வயதுப் பிள்ளை அந்த நேரத்தில்தான் அதிகம் அழும், மடியை விட்டு இறங்காது. ஒரு பிள்ளை அழுதால் நாலு பிள்ளை சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் கபடி பாடினால், மேலே திறந்திருக்கும் அந்த பிளைவுட் எதைத் தடுக்கும்? ஆறு மணிக்குத் தூங்காத பிள்ளை ஏழரைக்குத் தூங்கிவிடும். எட்டரைக்கு அம்மா வந்து எழுப்பினால் அந்த வீட்டில் அன்றைய இரவுத் தூக்கம் போச்சு.

இன்னொன்று, கூடத்தை ஆண்டு முழுக்க உங்களுக்குத் தரமாட்டார்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கல்யாணத்துக்கு விடுவார்கள். தேர்தலென்றால் வாக்குச்சாவடி. 2022 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது கரையோரத்து வீட்டுக்காரர்கள் தங்கியது இப்படிப்பட்ட மண்டபங்களிலும் பள்ளிகளிலும்தான். காப்பகம் ஒரு நாள் மூடினாலும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். மூன்றாவது தடவை மூடினால் பிள்ளையை அனுப்பவே மாட்டார்.

களத்துமேடு

தடுப்புப் பத்தி நானும் சொல்லணும்னு இருந்தேனுங்க. பெண்கள், ஜூனியர் பொண்ணுங்க கபடிக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அடிக்கணக்குல 39க்கு 26. பாதிக் கூடம் 30க்கு 30. பத்தாதுங்க. சிமெண்டுத் தரையில கபடி ஆடவே கூடாது; முட்டியும் முழங்கையும் முதல் வாரத்துலயே தேஞ்சு போகும். மண் களம்தான் வேணும். கல் பொறுக்கி, மண்ணோட மரத்தூள் கலந்து, ஆடறதுக்கு முந்தின நாள் சாயங்காலமே தண்ணி விடணும். ஆடற நேரத்துல தண்ணி விட்டா வழுக்கும், கணுக்கால் பிசகும்.

சிலம்பமும் கூடத்துக்குள்ள வேண்டாமுங்க. கம்பு தலைக்கு மேல சுத்தினா மின்விசிறியில போய் நிக்கும். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவுல ரெண்டு கம்பு நீளம் இடைவெளி விடணும். அப்படி விட்டா 900 சதுர அடியில ஒரே நேரத்துல அஞ்சாறு பேருக்கு மேல நிக்க முடியாது.

ஆனா தொட்டில்கயிறு அக்கா, ரெண்டையும் ஊருக்கு ரெண்டு மூலையில வைக்கச் சொல்லாதீங்க. சாயங்காலக் களத்துக்குப் பசங்க தானா வருவாங்க. பொம்பளப் பிள்ளைங்க ஏன் வர்றதில்லைன்னா, இடுப்புல தம்பி இருக்கான். அவனை எறக்கி வைக்க இடம் கொடுத்தாத்தான் அவ கால் களத்துல படும். காப்பகம் பக்கத்துல இல்லைன்னா பொண்ணுங்களுக்குன்னு நீங்க போடற எந்த அணியும் ரெண்டே வாரத்துல கலைஞ்சுடும்.

தொட்டில்கயிறு

களத்துமேடு சொன்ன கடைசிச் செய்தி நான் யோசிக்காதது. அது சரி. ஒரே வளாகம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஒரே அறை, ஒரே வாசல், ஒரே கழிப்பறை மூன்றும் கூடாது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் புழங்கும் கழிப்பறையில் மூன்று வயதுப் பிள்ளை தனியாக நிற்கவே கூடாது. காப்பக வாசல் தெருப்பக்கம், களத்து வாசல் பின்பக்கம். நடுவில் உள்ள கதவுக்கு நாலரை அடி உயரத்தில் தாழ்ப்பாள், சிறு பிள்ளை கைக்கு எட்டாதபடி.

ஆள் விஷயத்திலும் தெளிவு வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒரு பணியாளர், அதற்கு மேல் இருபதுக்கு ஒருவர் என்பது வழிகாட்டுதல். "சாயங்காலம் களத்தில் ஆள் வரவில்லை, ஆயா கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரு நாள் ஆரம்பித்தால் அதுவே வழக்கமாகிவிடும். அப்புறம் தொட்டில் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள்.

ரசீதுப்புத்தகம்

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எல்லோரும் பேசுகிறீர்கள். 40 பிள்ளைகளில் பாதி மூன்று வயதுக்குக் கீழே என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் மூன்று பணியாளர், இரண்டு ஆயா. திறந்திருப்பது 13 மணி நேரம், ஒருவரின் வேலை 8 மணி நேரம். ஐந்து இடத்துக்கு எட்டு ஆள், விடுப்புக்கு ஒருவர்: ஒன்பது பேர். ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் என்றால் 1,08,000. சாப்பாடு பிள்ளைக்கு நாளுக்கு 30 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 31,200. எரிவாயு, சோப்பு, தண்ணீர் கேன், மருந்துப்பெட்டி 8,000. ஆக 1,47,200, பிள்ளைக்கு 3,680. அம்மாவிடம் 500 ரூபாய் வாங்கினால் 20,000 தேறும். மாதம் 1,27,200 ரூபாய் துண்டு விழுகிறது. கட்டடத்தைப் பகிர்ந்தால் மிச்சமாகும் என்கிறார் பாவுநூல். மேலே உள்ள கணக்கில் வாடகையே இல்லை. செலவில் பெரும்பகுதி ஆள் செலவு. கட்டடத்தைப் பகிர்ந்து அதைக் குறைக்க முடியாது.

பாவுநூல்

2022இல் வந்த பால்னா என்ற அரசுக் காப்பகத் திட்டம் இருக்கிறதே. 25 பிள்ளைக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. பாலவாடியோடு சேர்த்தும் நடத்தலாம்.

ரசீதுப்புத்தகம்

அது நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். உங்களுக்கு வேண்டியது 13 மணி நேரம். அதற்காக அதை ஒதுக்கச் சொல்லவில்லை. 9 மணியிலிருந்து 4.30 வரை பால்னாவில் ஓடட்டும். முன்னும் பின்னும் உள்ள ஐந்தரை மணி நேரத்துக்கு மட்டும் நகராட்சி ஆள் போடட்டும். காலை ஏழரைக்கு எல்லாப் பிள்ளையும் வந்துவிடாது, மாலையிலும் ஏழு மணிக்கு மேல் எண்ணிக்கை குறையும். ஆனால் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் ஒருவரை மட்டும் தனியே விடக்கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள். 40 வேண்டாம், 25இல் ஆரம்பியுங்கள்.

தொட்டில்கயிறு

25 என்பதை நான் வேறு காரணத்துக்காக ஆதரிக்கிறேன். ஊருக்கு ஒரு பெரிய காப்பகத்தை விட வார்டுக்கு ஒரு சின்னக் காப்பகம் நல்லது. தார் சுற்றுவது எண்ணிக்கைக் கூலி. பால் கொடுக்க வந்து போகிற நிமிடத்துக்கெல்லாம் காசு போகிறது. தூரம் 500 மீட்டருக்குள் இருந்தால் பகலில் இரண்டு தடவையாவது வருவார். ஒன்றரை கிலோமீட்டர் என்றால் வரமாட்டார். ஆறாவது மாதத்திலேயே புட்டிப்பாலுக்கு மாறிவிடும். புட்டி கழுவுவது சரியில்லாத இடத்தில் அடுத்து வருவது வயிற்றுப்போக்கு.

நோய் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா வாசலில் நிற்கும்போதே பிள்ளையைப் பார்க்க வேண்டும்: நெஞ்சில் கை வைத்துச் சூடு, கண், உள்ளங்கை, வாயோரம். கை, கால், வாய்க் கொப்புளம் ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துக் கிளம்பும். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் வரை சேர்க்கக்கூடாது.

களத்துமேடு

விதி சரிங்க அக்கா. ஆனா திருப்பி அனுப்பினா அந்தம்மாவுக்கு அன்னிக்குக் கூலி இல்லை. அப்ப என்ன பண்ணுவாங்க? காலையில பாராசிட்டமால் சிரப் ஊத்திக் கூட்டிட்டு வருவாங்க. வாசல்ல கை வெச்சா சூடே இருக்காது. நாலஞ்சு மணி நேரம் கழிச்சு மருந்து இறங்கினதும், பன்னெண்டு ஒரு மணிக்கு அனல் மாதிரி கொதிக்கும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை எல்லாப் பிள்ளைகூடயும் ஒரே பாயில உருண்டிருக்கும்.

தொட்டில்கயிறு

ஆமாம், இது அன்றாடம் நடப்பது. அதனால்தான் "மருந்து கொடுத்தீர்களா, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி" என்று கேட்டு எழுதும் கட்டம் வருகைப் பதிவேட்டிலேயே வேண்டும். மிரட்டுகிற குரலில் கேட்டால் பொய்தான் வரும். சொன்னால் திருப்பி அனுப்பமாட்டோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சல், சளிக்கு ஒரு தனி மூலை: கதவோரம் ஒரு கட்டில், தனிப் போர்வை, தனி டம்ளர், அன்று அந்தப் பிள்ளைக்கு ஒரே ஆயா. கொப்புளத்துக்கும் பேதிக்கும் மட்டும் விலக்கு இல்லை, வீட்டுக்குத்தான். இந்த மூலைக்காக ஒரு ஆயா கூடுதலாக வேண்டும் என்பதையும் ரசீதுப்புத்தகம் குறித்துக்கொள்ளட்டும்.

ரசீதுப்புத்தகம்

குறித்துக்கொண்டேன். பத்தாவது ஆள்.

பாவுநூல்

களத்துமேடு, கோடை மாதங்களுக்கு என்ன செய்வது? ஏப்ரல், மேயில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி முகாம் நடப்பது நாமக்கல்லில். இங்கிருந்து தினமும் போய்வர முடியாது. பையன்கள் காவிரிக்குள் இறங்குகிறார்கள்.

களத்துமேடு

அதுக்காகவே களம் வேணுமுங்க. மணல் எடுத்த குழியில இடுப்பளவுத் தண்ணி ஒரே எட்டுல ஆளை முழுங்கும். மேலிருந்து பார்த்தாத் தெரியாது. ஆத்துல நீச்சல் முகாம் நடத்தறேன்னு யாரும் இறங்கிடாதீங்க.

கோடையில காலை 6 மணியிலிருந்து 8.30, சாயங்காலம் 5க்கு மேல. நடுவுல மர நிழல்ல செஸ், கேரம், அவ்வளவுதான். முப்பது பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர்னு வெச்சா ரெண்டு மணி நேரத்துக்கு 30 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ரெண்டு. தாகம் எடுத்ததும் குடிங்கன்னு விட்டுடக் கூடாது. இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை விசில் ஊதிக் குடிக்க வைக்கணும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர்ல கரைக்கணும். பாதியை ஒரு டம்ளர்ல கொட்டிக் கொடுக்கிறது தப்பு. உப்பு தூக்கலாகி வாந்திதான் வரும்.

அப்புறம், பயிற்சியாளர் ஒருத்தர் மட்டும்னு வைக்காதீங்க. பொண்ணுங்க இருக்கிற நேரம் ஒரு பெண் பயிற்சியாளர் கட்டாயம். தனியா ஒரு பிள்ளையை வண்டியில கொண்டுபோய் விடறது, தனியா போன்ல மெசேஜ் போடறது ரெண்டும் கூடாதுன்னு முதல் நாளே எழுதி வாங்கணும். சந்தேகம் வந்தா நமக்குள்ள பேசித் தீர்க்கிற விசயம் இல்லைங்க அது. 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீசுக்குச் சொல்லியே ஆகணும், மறைச்சா தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098ஐ ரெண்டு வாசல்லயும் பெருசா எழுதி வைங்க.

ரசீதுப்புத்தகம்

இரவு 8.30க்கு வராத அம்மாவுக்குக் கால்மணி நேரத்துக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் வைத்தால்தான் ஆயாக்கள் வீடு போய்ச் சேர முடியும்.

தொட்டில்கயிறு

தயவுசெய்து வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் காப்பகங்களில் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. அபராதம் வைத்ததும் தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதுவரை "ஆயா காத்திருக்கிறாரே" என்று ஓடி வந்தவர்கள், காசு கொடுத்துவிட்டால் சரி என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்குப் பதில் சேர்க்கும்போதே இரண்டு பேரின் படமும் எண்ணும் ஒட்டிய அட்டை வாங்குங்கள், அம்மாவைத் தவிர. 8.45க்கு அம்மாவுக்கு அழைப்பு, 9 மணிக்கு இரண்டாமவருக்கு. அட்டையில் இல்லாதவர் சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும் அம்மா குரலில் ஒப்புதல் கேட்காமல் பிள்ளை கைமாறக் கூடாது.

களத்துமேடு

பதினோரு வயசு அக்கா வந்து கூட்டிட்டுப் போனா?

தொட்டில்கயிறு

தரக்கூடாது என்பது என் கருத்து. இருட்டு, தெருவில் லாரி, நூல் மூட்டை வண்டி.

களத்துமேடு

அப்படின்னா பாதிப் பிள்ளைங்க காப்பகத்துக்கே வராதுங்க அக்கா. அந்த வீடுகள்ல கூட்டிட்டுப் போக வேற ஆளே கிடையாது. ஆறு மணிக்கு முன்னாடி, வெளிச்சத்துல, மூணு வயசுக்கு மேற்பட்ட தம்பியைக் கூட்டிட்டுப் போகலாம். ஆறுக்கு மேல அக்காவும் எங்க வளாகத்துலயே இருக்கட்டும், ரெண்டு பேரையும் அம்மாகிட்ட ஒண்ணா அனுப்பலாம். அதுக்குத்தானே களம் பக்கத்துல இருக்கு.

தொட்டில்கயிறு

ஆறு மணிக் கணக்கை ஏற்கிறேன், மார்கழியில் ஐந்தரை என்று மாற்றினால். கைக்குழந்தை விஷயத்தில் இறங்கி வரமாட்டேன். அது அம்மா கைக்கோ அட்டையில் உள்ள பெரியவர் கைக்கோதான்.

பாவுநூல்

அப்படியானால் கூடத்தை விட்டுவிட்டு, காலியிடமுள்ள நகராட்சிப் பள்ளி வளாகம் ஒன்றைப் பார்க்கலாம். சுற்றுச்சுவர் இருக்கிறது, மண் தரை இருக்கிறது, முகூர்த்தத் தொல்லை இல்லை. தெருப்பக்கம் வாசலுள்ள வகுப்பறை காலியாக இருக்கிறதா என்று வார்டு வாரியாகத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். அறையின் நீள அகலம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், பக்கத்துத் தறிக்கூடம் எத்தனை அடி தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.