ஆபீஸைத் தோவாளைக்கு மாற்றினால் பிள்ளைகள் வருவார்களா?

வில்லுக்குறியான்:
நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சின்னதாக ஒரு கணக்கு எழுதும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். பதினான்கு பேர், யாருக்கும் இருபத்தாறு தாண்டவில்லை. மாடி வாடகை 28,000. தோவாளையில் மெயின் ரோட்டு மேலேயே இதைவிடப் பெரிய இடம், வேப்பமர நிழலோடு, 11,000க்குக் கிடைக்கிறது. மிச்சமாவதில் ஆளுக்கு மாதம் 1,000 கூட்டித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒன்பது பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் வேறு இடம் பார்க்கிறேன் என்றே சொல்லிவிட்டான். சுமார் பத்து கிலோமீட்டருக்கா இந்தப் பாடு? டவுனில் அப்படி என்னதான் இருக்கிறது?

கழக்கூட்டம் ரிட்டர்ன்:
சரியான கேள்வி அண்ணாச்சி. நான் ஆறு வருஷம் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில், அந்த ஐடி பார்க்கில் இருந்தவன். 1990ல் அதைத் தொடங்கியபோது ஊர் நடுவே தம்பானூரிலா தொடங்கினார்கள், ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில்தானே? இன்றைக்கு நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போய்க் கிடக்கிறார்கள். சென்னையில் சிறுசேரி சிப்காட்டும் இதே கதைதான், அண்ணா சாலையிலிருந்து எவ்வளவு தூரம்! வேலை நல்லதாக இருந்தால் பிள்ளைகள் தானாக வருவார்கள், பின்னாலேயே டீக்கடையும் வரும். இவர்களுக்குச் சாயங்காலம் டவுனில் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பத்மநாபபுரத்துப் பொண்ணு:
சுற்றவா? நானும் வடசேரிப் பக்கம் ஒரு ஆபீஸில்தான் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து தக்கலைக்கு ஒரு பஸ், தக்கலையிலிருந்து வடசேரிக்கு ஒரு பஸ், அப்புறம் நடை. 2021 மே மாதத்திலிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதனால் ஐந்து நிமிஷம் காத்திருந்தாலும் டவுன் பஸ் பார்த்துத்தான் ஏறுவேன். ஆபீஸ் அந்த வழியில் இருந்தால் சம்பளம் முழுசாக வீட்டுக்கு வரும். தோவாளை என்றால் மூன்றாவது பஸ். திருநெல்வேலி ரோட்டில் இடையில் நிற்காமல் போகிற என்ட் டு என்ட் வண்டி அங்கே நிற்கவே நிற்காது. கழக்கூட்டத்தில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, ஹைவே இருக்கிறது, பெரிய கம்பெனி என்றால் கேப்பும் விடும். பதினான்கு பேருக்கு அண்ணாச்சி கேப் விடுவாரா?

கழக்கூட்டம் ரிட்டர்ன்:
பையன்கள் பைக்கில் வரலாமே தங்கச்சி. எல்லாரிடமும் வண்டி இருக்கிறது, லோன் போட்டாவது வாங்கிவிடுகிறார்கள்.

கோட்டாறு மக்கா:
அந்த 1,000ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா, கணக்கு ஆபீஸ்தானே. போக வர இருபது கிலோமீட்டர் கூடுதல், மாதம் இருபத்தைந்து நாள், ஆக 500 கிலோமீட்டர். லிட்டருக்கு ஐம்பது கொடுத்தாலும் பத்து லிட்டர், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். கூட்டிக் கொடுத்ததைப் பெட்ரோல் பங்க்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னொன்று இருக்கிறது, அதை உங்கள் முகத்துக்கு நேராக எந்தப் பையனும் சொல்ல மாட்டான், நான் சொல்கிறேன். டவுனில் முதலாளியோடு ஒத்துவரவில்லை என்றால் மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் எதிர்மாடியில் ஏறி வேலை கேட்டுவிட்டு வரலாம். நான் அப்படித்தான் மூன்று இடம் மாறினேன், மூன்றாவது இடத்தில்தான் ஒழுங்காகச் சம்பளம் வந்தது. தோவாளையில் உங்களை விட்டால் பூச்சந்தையில் மாலை கட்டத்தான் போக வேண்டும். (அதில் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாது, ஒருவேளை உங்களைவிடக் கூடுதலாகவே கிடைக்கலாம்.) அதுவும் போக, பாதிப் பேர் சாயங்காலம் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் போகிறவர்களாக இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கழக்கூட்டம் ரிட்டர்ன்:
எல்லாரும் டவுன் டவுன் என்கிறீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள் என்றுதான் வருகிறது, சென்னைக்கு அடுத்து நாம்தான். களியக்காவிளையில் பஸ் ஏறினால் நாகர்கோவில் வரை வீடு இல்லாத இடம் எங்கே இருக்கிறது? மாவட்டமே ஒரே ஊர். இதில் எது டவுன், எது வெளியூர்?

பத்மநாபபுரத்துப் பொண்ணு:
அது பேரூராட்சிகளையும் சேர்த்து எண்ணியதால் வந்த கணக்கு அண்ணா. போர்டில் பேரூராட்சி என்று எழுதியிருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு பஸ் வந்துவிடுமா? நீங்கள் சொல்கிற நெருக்கம் எங்கள் மேற்குப் பக்கம்தான். தோவாளைப் பக்கம் வயலும் மலையும். ஜூலை மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் துப்பட்டாவைப் பிடிப்பதா, பஸ்ஸுக்குக் கை காட்டுவதா? அண்ணாச்சி, வாக்குவாதம் எதற்கு, ஒரு நாள் சாயங்காலம் பைக்கை வைத்துவிட்டு அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள்.

வில்லுக்குறியான்:
நின்றேன். நேற்று ஆறரைக்கு, அந்தக் கட்டடத்துக்கு எதிரே. முதலில் வந்தது என்ட் டு என்ட், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள், டிரைவர் கையை மட்டும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார். மூன்றாவது, ஸ்டாப்பைத் தாண்டி நூறடி தள்ளி நின்றது. ஓடினேன், செருப்பு கழன்றது, எடுத்து நிமிர்வதற்குள் கிளம்பிவிட்டது. பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மா, "முன்னாலேயே போய் நிக்கணும் மக்கா, அங்கதான் நிப்பாட்டுவான்" என்றார். வடசேரி வந்தபோது மணி ஏழே முக்கால். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. மாடிக்காரரிடம் 25,000க்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

கோட்டாறு மக்கா:
அப்போ அந்த 1,000?

வில்லுக்குறியான்:
மாடிக்காரர் முதலில் இறங்கட்டும் தம்பி.

பத்மநாபபுரத்துப் பொண்ணு:
ஏழே முக்காலுக்கு வடசேரி என்றால் நான் வீடு போய்ச் சேர ஒன்பதே கால் ஆகும். அம்மா அதற்குள் நாலு தடவை போன் பண்ணியிருப்பார்கள்.

கழக்கூட்டம் ரிட்டர்ன்:
ஒரு நாள் நின்றதை வைத்து முடிவு பண்ணாதீர்கள் அண்ணாச்சி. காலையில் போய் நின்று பாருங்கள், பஸ் காலியாக வரும்.