தோட்டப்புற ஊரில் திடல்களைப் பாதையால் இணைப்பது: வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஆற்றோரம் எழுதியது:
வணக்கம். மலேசியாவின் பேராக்கில் எங்கள் ஊரில் நாலு தாமான் (வீடமைப்புப் பகுதி), ஒரு பழைய தோட்ட லயம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், பாசார் (சந்தை) எல்லாம் 3 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. தாமானுக்கு ஒரு திடல் உண்டு. ஆனால் ஒரு திடலிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க, லோரி ஓடும் பெரிய சாலை ஓரத்தை விட்டால் வேறு வழியில்லை. நடுவே 12 மீட்டர் அகல ஆறு. அக்கரையில் செம்பனைத் தோட்டம். மாவட்ட மன்றம் உள்ளூர்த் திட்டத்தைத் திருத்துகிறது. குடியிருப்பாளர்கள் சார்பில் ஒரு வரைபடம் கொடுக்க வேண்டும். எதை முதலில் வரைவது? பாதையின் அகலம், பொருள் என்ன?

அளவுச்சங்கிலி எழுதியது:
திடல்களைப் பிறகு பார்க்கலாம். பள்ளி, கோயில், பாசார், கிளினிக், பேருந்து நிறுத்தம் என்று மக்கள் தினமும் போகும் இடங்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 400 மீட்டர், அதாவது ஐந்து நிமிட நடை. வட்டம் போட்டுவிடாதீர்கள், நடந்து போகும் வழியாகவே அளக்க வேண்டும். பாலம் இல்லாவிட்டால் எதிர்க்கரை வீட்டுக்கு 80 மீட்டர் என்பது 1.5 கிலோமீட்டர் சுற்றாகிவிடும். அந்த இடங்கள்தான் உங்கள் வரைபடத்தின் உயிர்.

அடுத்தது நிலம். ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) வழிகாட்டியின்படி 10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்கு இரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்கீடு வேண்டும். 5 முதல் 10 மீட்டர் ஆறென்றால் 10 மீட்டர். ஆகவே உங்களுக்குக் கரையோரமே முதுகெலும்பு. ஆனால் வழிகாட்டியில் இருப்பது கெஜட்டில் (அரசிதழில்) இருப்பதாகாது. பட்டா ஆற்றின் விளிம்பு வரை போயிருக்கும் இடங்கள் ஏராளம். ஒவ்வொரு லாட்டுக்கும் (நிலத்துண்டுக்கும்) நில அலுவலகத்தில் உரிமைத் தேடல் எடுத்து, அரசு ஒதுக்கீட்டைப் பச்சையிலும், தனியார் நிலத்தைச் சிவப்பிலும் தீட்டுங்கள். பச்சை அறுபடும் இடங்கள் ஐந்தாறுதான் இருக்கும். பேச்சுவார்த்தை முழுக்க அவற்றைப் பற்றியே.

டிஎன்பி (மின்சார நிறுவனம்) மின்கம்பி வரிசையைப் பார்த்து இலவச நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் உள்ள மண் பெரும்பாலும் தனியாருடையது.

திடல் படிநிலை: 0.2 ஹெக்டர் சிறு விளையாட்டிடம், 0.6 திடல், 2 ஹெக்டர் அக்கம்பக்கப் பூங்கா, 8 ஹெக்டர் உள்ளூர்ப் பூங்கா, 40 ஹெக்டர் நகரப் பூங்கா. ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர் என்பது நாட்டின் இலக்கு. 20,000 பேர் ஊருக்கு 40 ஹெக்டர் வரும். புதுத் தாமானில் மேம்பாட்டாளர் விடும் 10 விழுக்காடு திறந்தவெளி, மூலைமுடுக்குத் துண்டுகளாக வராமல் கரையோரமாக ஒட்டி வர வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். திட்டத்தில் கோடாக விழுந்தால்தான் பிறகு வரும் மேம்பாட்டாளரைக் கேட்க முடியும். கையில் வரும் துண்டுகளை தேசிய நிலச் சட்டத்தின் 62-வது பிரிவின் கீழ் பொதுநோக்க ஒதுக்கீடாகக் கெஜட் செய்யச் சொல்லுங்கள். பாதை போட்ட பிறகு கெஜட் என்றால் அது நடப்பதில்லை.

செம்மண் எழுதியது:
அண்ணன் சொன்ன நில வேலை முடிந்தால் கட்டுமானம் கடினமில்லை. நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போக 2.5 மீட்டர் வேண்டும். நெருக்கமான இடத்திலும் 1.8-க்குக் கீழே இறங்காதீர்கள். மேல்மண்ணையும் லாலாங் புல் வேரையும் 150 மி.மீ. வெட்டி எடுத்து, ஜியோடெக்ஸ்டைல் (மண்ணைப் பிரிக்கும் துணி) விரித்து, 150 மி.மீ. கிரஷர் ரன்னை (உடைத்த கல் கலவை) இரண்டு அடுக்காக ரோலரில் அழுத்தி, மேலே 50 மி.மீ. கல்தூள். ஒரு கிலோமீட்டருக்கு அழுத்திய கணக்கில் 375 கன மீட்டர் கிரஷர் ரன், சுமார் 800 டன். கல்தூள் 125 கன மீட்டர். ஒரு பக்கமாக 2 முதல் 3 விழுக்காடு சரிவு கொடுங்கள். தட்டையாக விட்டால் நடுவிலேயே தண்ணீர் தேங்கும்.

ஏற்றம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கல்தூள் நிற்காது. நம் ஊர் மாலை மழையில் முதலில் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கோடு விழும். மழைக்கு மழை அது ஆழமாகி, கீழே லோங்காங் (வடிகால்) வாயில் சாம்பல் நிறத் தூள் விசிறிபோலப் பரவிக் கிடக்கும். மூன்றாம் மாதம் பாதை வெறும் ஜல்லி. அந்தத் துண்டுக்கு 100 மி.மீ. கான்கிரீட், பிஆர்சி (இரும்புக் கம்பி) வலை, துடைப்பத்தால் கீறிய மேற்பரப்பு, 3 மீட்டருக்கு ஓர் இணைப்பு. வெள்ளம் ஏறும் தாழ்ந்த கரைக்கும் இதேதான். பாதைக்கு அடியில் குறுக்கே போகும் வடிகால் குழாய் 450 மி.மீ.க்குக் குறைந்தால் இலை அடைத்துக்கொள்ளும்.

பாலத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். கரைக்கு வெளியே தாங்கி வைத்தால் 16, 18 மீட்டர் நீளம் ஆகும். வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஜேபிஎஸ் ஒப்புதலும் வேண்டும். செலவு மற்றப் பாதையை விஞ்சலாம்.

நிழல் எழுதியது:
பால்மரம் (ரப்பர்) இருந்த நிலத்தில் மரம் நடும்முன் பழைய அடிக்கட்டைகளை வேரோடு எடுத்துவிடுங்கள். வெள்ளை வேர் நோய் (ஒரு பூஞ்சை) அந்தக் கட்டையிலேயே உயிரோடிருந்து புது வேருக்குத் தாவும். செம்பனைக் கட்டையில் கானோடெர்மா என்ற பூஞ்சை இருக்கலாம்.

மாலை 5 மணி வெயில்தான் நடப்பவர்களை விரட்டுகிறது. ஆகவே பாதையின் மேற்குப் பக்கம் முதலில் நடுங்கள். தூங்குமூஞ்சி மரமென்றால் 12 மீட்டர் இடைவெளி, பாதையிலிருந்து 3 மீட்டர் தள்ளி. கன்று சாகும் காரணம் பெரும்பாலும் வறட்சியோ பூச்சியோ இல்லை. புல்வெட்டி நைலான் கயிறு அடிமரத்தைச் சுற்றித் தோலை உரித்துவிடும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல் இல்லாமல் மரச்சீவல் போட்டால், வெட்டுபவர் கிட்டே வரத் தேவையே இருக்காது.

ஆற்றோரம் எழுதியது:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தோட்டச் சாலையைச் சேர்க்கலாமா? மோட்டார் சைக்கிள்கள் பாதையில் நுழையாமல் தடுக்க முடியுமா?

அளவுச்சங்கிலி எழுதியது:
தோட்டச் சாலை தயாராகக் கிடக்கும் பாதைதான், ஆனால் நிர்வாகத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அறுவடை 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை சுற்றி வரும். ஒரு குலை 20 கிலோ இருக்கும், மட்டையும் கூடவே விழும். அறுக்கும் நாளில் அந்தத் துண்டை அடைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால், நில நிர்வாகி பொது வழியுரிமை ஏற்படுத்தச் சட்டத்தில் இடமுண்டு. அது மெதுவான வழி.

மோட்டாரைத் தூணால் முழுதாக நிறுத்த முடியாது. சக்கர நாற்காலிக்கு 900 மி.மீ. இடைவெளி வேண்டும். கப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அதைவிடக் குறுகல். தூண்களை நெருக்கினால் முதியவர்களும் நாற்காலியும்தான் வெளியே நிற்பார்கள், அதைச் செய்யாதீர்கள். மோட்டார் வருவது குறுக்குவழிக்காக. ஆகவே பாலத்தின் இரு முனையிலும் 1.5 மீட்டர் இடம் விட்டு வளைந்து போகும் தடுப்பு வைத்து, வேகத்தை நடையளவுக்குக் குறையுங்கள். பள்ளி விடும் நேரத்தில் ஒரு வாரம் நின்று எத்தனை மோட்டார், எந்தப் பக்கத்திலிருந்து என்று எண்ணிப் பார்த்துவிட்டு, வரைபடத்தோடு அந்தத் தாளையும் இணைத்துக் கொடுங்கள்.