மறு: 'பிரெயின் டம்ப்' என்பதற்கு ஒரு சொல் போதாது

அன்பர்களுக்கு வணக்கம்.

'பிரெயின் டம்ப்' என்ற ஆங்கிலத் தொடருக்கு நம் சொற்கையேட்டில் சேர்க்கத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து படித்தேன்: மூளைக்கொட்டல், வினாக்குவியல், விடைத்திரட்டு, கசிவு வினா, நெட்டுரு வினா. ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று யோசித்தால், காரணம் சொற்களில் இல்லை. நாம் இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏ பற்றிப் போ பாசேன் ஊர் அக்கா எழுதியது:

> சிசிஎன்ஏ எழுதப் போகும் பிள்ளைகளுக்கு பிரெயின் டம்ப் போட நானே பழக்கிவிடுகிறேன். இதில் என்ன தப்பு?

அதற்கு மோக்கா ஊர் ஐயா:

> டம்ப் படித்துத் தேறியவனுக்குச் சான்றிதழே தரக்கூடாது. ஆசிரியரே பழக்கிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

ஐயா, அக்கா சொல்வது நீங்கள் நினைக்கிற டம்ப் அல்ல. தேர்வு மையத்தில் அழித்தெழுதும் பலகை ஒன்றும் பேனாவும் தருகிறார்கள் அல்லவா? கடிகாரம் ஓடத் தொடங்கியதும் பிள்ளை முதல் வேலையாக, தலைக்குள் வைத்திருக்கும், வலையமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்க உதவும் அட்டவணையை அதில் எழுதிவிடுகிறது. முதல் வரியில் துண்டின் அளவைக் குறிக்கும் /25 முதல் /32 வரை. அடுத்த வரியில் அதற்குரிய மாஸ்க் எண்: 128, 192, 224, 240, 248, 252, 254, 255. அதற்குக் கீழே ஒவ்வொரு துண்டிலும் அடங்கும் முகவரிகளின் எண்ணிக்கை: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. அவ்வளவுதான். பிறகு '192.168.10.70/27 எந்த வலையமைப்பில் இருக்கிறது?' என்று கேட்டால் பயமே இல்லை. 27-க்கு நேர் கீழே 224, அதன் கீழே 32. முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகத் தாண்டினால் 0, 32, 64, 96. எழுபது விழுவது 64-இல். அந்த வலையமைப்பின் கடைசி முகவரி, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாக அனுப்பும் பிராட்காஸ்ட், 95. பலகையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

சிஸ்கோ தேர்வில் தாண்டிப்போன வினாவுக்குத் திரும்பி வர முடியாது. காம்ப்டியா அமைப்பின் கணினிப் பாதுகாப்புத் தேர்வான செக்யூரிட்டி பிளஸ் 90 நிமிடம், வினாக்கள் 90 வரை வரலாம். கை நடுங்குகிற நேரத்தில் இரண்டின் அடுக்குகளை மறுபடி மறுபடி மனத்தில் போட்டுப் பார்ப்பதைவிட ஒரே தடவை எழுதிவைப்பது புத்திசாலித்தனம். இதில் திருட்டு எங்கே இருக்கிறது? (வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இந்தப் பலகை கிடையாது, திரையிலேயே ஒரு வெண்பலகை வரும். சுட்டியைப் பிடித்து அதில் அட்டவணை போட முயன்றவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.)

மோக்கா ஐயா திட்டுவது இன்னொன்றை. தேர்வு எழுதி வந்தவர்கள் உள்ளே பார்த்த வினாக்களை நினைவில் சுமந்து வந்து வெளியே கொட்ட, அதை யாரோ தொகுத்து இணையத்தில் விற்கிறார்கள். ரகசியம் காப்பேன் என்ற உடன்பாட்டை ஏற்ற பிறகுதான் முதல் வினாவே திரையில் வருகிறது. அதை மீறித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. பிடிபட்டால் வாங்கிய சான்றிதழ் போகும், மறுபடி எழுதத் தடையும் வரும்.

நம் மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடாததில் ஆச்சரியமில்லை. பள்ளித் தேர்வுகளான எஸ்சி, எச்எஸ்சி வரைக்கும் அவர்கள் வளர்ந்ததே கேம்பிரிட்ஜின் பழைய வினாத்தாள்களோடு. பள்ளி விட்டதும் லெசோன் என்கிற தனிப்பயிற்சி, லெசோனில் போன வருடத் தாள், அதற்கு முந்தின வருடத் தாள். எத்தனை தாள் முடித்தாய் என்றுதான் வீட்டிலும் கேட்பார்கள். அப்படி வந்த பையன் என்னிடம், "கேம்பிரிட்ஜ் தாளைப் போடச் சொன்ன நீங்களே இதைப் போடக்கூடாது என்றால் எப்படி சார்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கேம்பிரிட்ஜ் தாள் எழுதி முடிந்த தாள்; பழகிக்கொள்ளுங்கள் என்று தேர்வு நடத்தியவர்களே வெளியிடுவது. சான்றிதழ்த் தேர்வின் வினாவோ இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இன்று போர்ட் லூயியில் ஒருவன் பார்த்த அதே வினா நாளை எபேனில் இன்னொருத்திக்கு வரலாம். அதனால் 'பழைய வினாத்தாள்' என்ற சொல்லை இதன் பக்கத்தில்கூட வரவிடக் கூடாது.

ஒழுக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் இது உருப்படாத படிப்பு. மேலே சொன்ன வினாவுக்கு விடை 64 என்று டம்பில் படித்தவன், 70 இருந்த இடத்தில் 100 வந்தாலும் 64 என்றுதான் போடுவான். சரியான விடை 96. டம்பிலேயே விடை தப்பாக இருப்பதும் சாதாரணம். விற்கிறவன் சரிபார்த்தா விற்கிறான்?

சரி, சொல்லுக்கு வருவோம்.

'மூளைக்கொட்டல்' கேட்டாலே சிரிப்பு வருகிறது, விடுங்கள். 'விடைத்திரட்டு' கேட்க அழகாக இருக்கிறது, அதுதான் அதன் குற்றம். திரட்டு என்றால் நமக்கு மரியாதையான நூல். அந்தப் பெயரில் வந்தால் நானே காசு கொடுத்து வாங்குவேன். 'வினாக்குவியல்' ஆசிரியர் தயாரிக்கும் பயிற்சி வினாத் தொகுப்புக்கும் பொருந்தும், எனவே எதையும் பிரித்துக் காட்டாது. 'கசிவு வினா' பரவாயில்லை, செய்தித்தாளில் 'வினாத்தாள் கசிவு' என்று பார்த்துப் பழகியதுதான். ஆனால் கசிவு தானாக நடப்பது. இங்கே ஒருவர் எண்ணித் துணிந்து தூக்கிக்கொண்டு வருகிறார்.

'நெட்டுரு வினா'வை எதிர்க்கத்தான் வேண்டும். தப்பை மனப்பாடத்தின் தலையில் கட்டுகிறது அது. எஸ்எஸ்எச்சுக்கு 22, டிஎன்எஸ்ஸுக்கு 53, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443 என்று ஒவ்வொரு இணையச் சேவைக்கும் உள்ள போர்ட் எண்ணை உருப்போடாமல் வேறு எப்படிப் படிப்பது? கிரியோலில் மனப்பாடத்தை 'பார் கேர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள், அதில் இளக்காரம் எதுவும் இல்லை. குறளை ஒப்பிக்கச் சொல்லி மேடையில் பரிசு கொடுக்கிற நாம், சொல்லாக்கம் என்று வந்ததும் மனப்பாடத்தை வசவாக்குவது சரியில்லை.

என் பரிந்துரை: விற்கப்படுகிற அந்தச் சரக்குக்கு 'கடத்தல் வினா'. கடத்தல் தங்கம், கடத்தல் சரக்கு என்று ஏற்கெனவே வாயில் இருக்கிற சொல். உள்ளிருந்து வெளியே கொண்டுவந்தது, வெளியே வரக்கூடாதது, விற்பனைக்கு வந்தது, இந்த மூன்றும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. வகுப்பில் 'அது கடத்தல் வினா, தொடாதே' என்று சொன்னால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இயற்பியலில் கடத்தல், கடத்தி எல்லாம் இருக்கிறதே, குழப்பாதா என்று திரியோலே ஊர்த் தம்பி கட்டாயம் கேட்பார். கடத்தல் தங்கம் என்றதும் தங்கத்தின் மின்கடத்து திறனை யாராவது நினைக்கிறார்களா தம்பி?

அக்காவின் பலகை எழுத்துக்கு 'நினைவிறக்கம்'. பதிவிறக்கம் எல்லாருக்கும் பழகிவிட்டது, அந்தத் தடத்திலேயே இதுவும் போகட்டும். தலையில் இருப்பதைக் கீழே இறக்கிவைத்துவிட்டு ஆசுவாசமாக உட்காரும் பொருளும் கூடவே கிடைக்கிறது. கணினி நினைவகத்தில் இருப்பதை அப்படியே வெளியே எடுக்கும் மெமரி டம்ப்போடு மோதாதா என்றால், அங்கே வருவது நினைவகம், இங்கே வருவது மனிதனின் நினைவு. மெமரி டம்ப்புக்கு வேறு சொல் வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை. 'முன்குறிப்பு' என்ற யோசனையும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நூல்களின் முன்னுரைப் பக்கத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது.

பிள்ளைகள் தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில், வீட்டில் பேசுவது கிரியோல், இதில் தமிழ்ச் சொல் எதற்கு என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். எச்எஸ்சியில் தமிழ் எடுக்கும் பிள்ளை கணினியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வந்தால் எதை வைத்து எழுதும்? ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கிற நாட்டில் இந்தக் கேள்வியோடு நான் அதிகம் மல்லுக்கட்டப் போவதில்லை.

சொற்கையேட்டில் பதிவுகள் இப்படிப் போகலாம்:

கடத்தல் வினா: புழக்கத்தில் உள்ள தேர்விலிருந்து உடன்பாட்டை மீறி வெளியே கொண்டுவரப்பட்ட வினா. பயன்படுத்துவோரின் சான்றிதழ் பறிபோகலாம்.

நினைவிறக்கம்: தேர்வு தொடங்கியதும், மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணை, வாய்பாடு முதலியவற்றைத் தரப்பட்ட பலகையில் எழுதிக்கொள்வது. அனுமதிக்கப்பட்டது.

'அனுமதிக்கப்பட்டது' என்று பொதுவாகப் போடலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். எந்த நிமிடத்திலிருந்து எழுதலாம் என்பதில் எல்லாத் தேர்வுகளுக்கும் ஒரே விதி இல்லை. 'தேர்வின் விதிகளுக்கு உட்பட்டு' என்று சேர்த்தால் போதுமா, அக்கா நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். தவறான விடைத்தேர்வுகளுக்கு 'மயக்கு விடை' என்று மோக்கா ஐயா தந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தனி இழையாகத் தொடங்கினால் நல்லது, இங்கேயே பேசினால் இரண்டும் கலந்துவிடும்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து