உதவி: ரிமோட் கப்பல் திரும்ப மாட்டேங்குது

மானகிரி மணி: அவசரம். 4 அடி கப்பல், நானே செய்தது. ஊருணியில் விட்டால் நேராக அழகாகப் போகிறது, ஆனால் படித்துறையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துத் திருப்பினால் திரும்பவே இல்லை, போய்ப் படியில் இடிக்கிறது. முனையில் விரிசல். ஞாயிற்றுக்கிழமை பசங்களுக்குக் காட்ட வேண்டும்.

பள்ளத்தூர் பேட்டரி: என்ன பேட்டரி? சுக்கானைத் திருப்பும் சர்வோ மோட்டார் எது? எத்தனை மோட்டார்? எப்படியும் பேட்டரிதான், வோல்டேஜ் இறங்கினால் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் செத்துப்போகும்.

ஆத்தங்குடி: வேகத்தைக் குறைக்கும்போது வோல்டேஜ் ஏன் இறங்கப்போகிறது அண்ணே?

ரிட்டயர்டு சீஃப்: பொம்மைக் கடை ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம் தம்பிகளா. எஞ்சின் ரூமில் காலம் கழித்தவன் சொல்கிறேன், சுக்கான் மேல் தண்ணீர் வேகமாக ஓடினால்தான் கப்பல் திரும்பும். புரொப்பெல்லர் தள்ளுகிற தண்ணீர் நின்றால் அது வெறும் பலகை. 2024 மார்ச் 26-ல் பால்டிமோரில் டாலி கப்பலுக்கு என்ன ஆனது? சுமார் 300 மீட்டர் கப்பல். கரண்ட் போய் எஞ்சின் நின்றது, எமர்ஜென்சி ஜெனரேட்டர் ஓடி சுக்கானுக்குக் கரண்ட் வந்தும் பாலத்தூணில் மோதியது.

ஆத்தங்குடி: அதற்குக் காரணம் ஒரு லூஸ் ஒயர் என்று விசாரணையில் வந்துவிட்டதே ஐயா.

ரிட்டயர்டு சீஃப்: ஒயர் கரண்ட் போனதற்குக் காரணம். திரும்பாததற்குக் காரணம் நான் சொன்னது. படித்துவிட்டு வா.

கண்டனூர்க்காரன்: அதிருக்கட்டும், எந்த ஊருணி? குடிதண்ணி ஊருணி என்றால் கிரீஸ் தடவிய புரொப்பெல்லர் தண்டோடு இறக்குவது தப்பு. எங்கள் ஊரில் கால் வைக்கவே விடமாட்டோம்.

பள்ளத்தூர் பேட்டரி: இப்போது யார் ஊருணித் தண்ணீர் குடிக்கிறார்கள், எல்லாம் குழாய்தான்.

கண்டனூர்க்காரன்: எங்கள் ஆச்சி இன்னமும் அதில்தான் குடிக்கிறார்கள். வந்து பார்.

மானகிரி மணி: இரண்டு மோட்டார், நடுவில் ஒரே சுக்கான்.

ஆத்தங்குடி: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! இரண்டு புரொப்பெல்லரும் தள்ளும் தண்ணீர் நடுச் சுக்கானின் இரு பக்கமும் ஒதுங்கிப் போய்விடும். ஓடுகிற வேகத்தில்தான் இதுவரை திரும்பியிருக்கிறது. டைட்டானிக்கிலும் சுக்கான் ஒன்றுதான், அதற்கு முன்னால் இருந்த நடு புரொப்பெல்லர் டர்பைனில் ஓடியது, பின்பக்கமாகச் சுற்றாது; கப்பலைப் பின்னுக்கு ஓட்டினால் அது நின்றுவிடும், சுக்கானுக்குத் தண்ணீர் தள்ள ஆளில்லை. நீங்கள் மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போடுங்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் சுற்றினால் நின்ற இடத்திலேயே திரும்பும்.

ரிட்டயர்டு சீஃப்: நான் சொன்னதைத்தான் நீட்டிச் சொல்கிறார்.

மானகிரி மணி: இரண்டு மோட்டாரையும் தனித்தனி ஈஎஸ்சிக்குப் பிரித்துவிட்டேன், திரும்புகிறது. பின்னால் வரும்போது மட்டும் இடப்பக்கம் இழுக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம். நன்றி.