ஆஸ்டெரிஸ்க்: எதிர்முனைக் குரல் கேட்கவில்லை, 32 நொடியில் கால் கட். எந்த போர்ட்டைத் திறக்க வேண்டும்?

கேள்வி:
ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளை நிர்வகிக்கும் முகப்பு) சர்வர் 192.168.1.50-ல் இருக்கிறது. முன்னால் மைக்ரோடிக் ரவுட்டர், நிலையான பொது ஐபி. சிப் ட்ரங்க் (இணையம் வழியாக வரும் வெளி போன் இணைப்பு) ரெஜிஸ்டர் ஆகிறது. வெளியே கூப்பிட்டால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது இங்கே வருவதில்லை. உள்வரும் கால் எடுத்தால் 32 நொடியில் அறுந்துவிடுகிறது. யுடிபி 5060-ஐ எல்லாருக்கும் திறந்தும் பயனில்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 15 கால்.

பதில் 1:
முதல்ல அந்த 5060-ஐ மூடுங்க. எல்லாருக்கும் திறந்த சிப் போர்ட்டுக்கு பாஸ்வேர்டு தேடும் ஸ்கேனர்கள் சீக்கிரமே வந்துடும். ஒரு எக்ஸ்டென்ஷன் (உள் போன் எண்) சிக்கினா வெளிநாட்டு கால் பில் உங்க தலையில.

ரெண்டு கோளாறுக்கும் காரணம் ஒண்ணுதான். நேட் (உள் ஐபியை ரவுட்டர் பொது ஐபியா மாத்துற வேலை), பாக்கெட்டின் மேலுள்ள முகவரியை மட்டும்தான் மாத்தும். சிப் செய்திக்குள்ள எழுதியிருக்கிற 192.168.1.50-ஐ மாத்தாது. அதனால எதிர்முனை குரலை அந்த முகவரிக்கே அனுப்புது, அது இணையத்தில் எங்கேயும் போய்ச் சேராது. உள்வரும் காலிலும் இதே கதை: காலை எடுத்தாச்சுன்னு நீங்க அனுப்பும் 200 ஓகே-க்கு வரவேண்டிய ஏசிகே (கிடைச்சுதுங்கிற ஒப்புதல்) வர்றதில்லை. ஆஸ்டெரிஸ்க் 32 நொடி திரும்பத் திரும்ப அனுப்பிட்டு காலை முடிச்சுடுது. நெறிமுறையில் உள்ள கெடு அது.

ஆஸ்டெரிஸ்க் சிப் செட்டிங்ஸ்ல எக்ஸ்டர்னல் அட்ரஸ் இடத்தில் பொது ஐபி, லோக்கல் நெட்வொர்க்ஸ்ல 192.168.1.0/24 கொடுங்க. விபிஎன் கிளைகள் இருந்தா அந்த நெட்வொர்க்கையும் சேர்க்கணும், இல்லாட்டி அங்குள்ள போன்கள் ஊமையாகும். ரீலோடு போதாது, ஆஸ்டெரிஸ்க்கை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

பதில் 2:
மேலே சொன்னது சரி. போர்ட் கணக்கு: ஒரு காலுக்கு இரண்டு முனை, முனைக்கு ஆர்டிபி (குரல்) ஒன்று, ஆர்டிசிபி (குரலின் தரத் தகவல்) ஒன்று, ஆக நான்கு. 15 காலுக்கு 60. வழக்கமான 10000–20000 வேண்டாம், 10000–10199 தாராளம். ஆஸ்டெரிஸ்க்கிலும் ரவுட்டரிலும் அதே எல்லையை வையுங்கள், எண் மாறாமல் ஃபார்வர்டு செய்யுங்கள்.

5060-ஐ ட்ரங்க் நிறுவனத்தின் ஐபிக்கு மட்டும் அனுமதியுங்கள். ஆனால் குரல் பெரும்பாலும் வேறு மீடியா சர்வரிலிருந்து வரும். அந்த ஐபி பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

மைக்ரோடிக்கில் ஃபயர்வால், சர்வீஸ் போர்ட்ஸ் பகுதியில் சிப்பை டிசேபிள் செய்யுங்கள். அந்த ஹெல்பர் செய்தியைத் தானும் திருத்தப் போய் முகவரியைக் குழப்பிவிடும். பிறகு கனெக்‌ஷன்ஸில் பழைய 5060 பதிவுகளை நீக்க வேண்டும். இல்லையென்றால் பழைய வழியிலேயே ஓடும், மாற்றம் பலிக்கவில்லை என்று தோன்றும்.

பதில் 3:
சரிபார்க்க எஸ்என்ஜிரெப் (சிப் செய்திகளைக் காட்டும் கருவி). வெளியே போகும் இன்வைட்டில் (காலைத் தொடங்கும் செய்தி) 'சி=' வரியைப் பாருங்கள், குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்வது அதுதான். பொது ஐபி இருந்தும் குரல் இல்லையென்றால் மீடியா ஐபி ஃபயர்வாலில் தடைபடலாம். பல ரவுட்டர்கள் சும்மா இருக்கும் யுடிபி இணைப்பை 30 நொடியில் மறந்துவிடும். அதனால் ட்ரங்கின் குவாலிஃபை ஃப்ரீக்வென்சியை (இணைப்பைச் சோதிக்கும் இடைவெளி) 25 நொடி ஆக்குங்கள்.

இதே சிக்கலோடு வருபவர்களுக்கு: ரவுட்டரின் வான் (இணையப் பக்க) ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது பொது ஐபி இல்லை. அங்கே ஃபார்வர்டு வேலை செய்யாது, இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்க வேண்டும்.