2024-25 எஃப்ஏ கோப்பை: கட்டம் போட்டு எழுதுவது எப்படி? மறு ஆட்டம் நின்றதால் என்ன மாறியது?

கேள்வி | மேற்குப்படிக்கட்டு

இங்கிலாந்தின் நாக்அவுட் கால்பந்துப் போட்டியான எஃப்ஏ கோப்பையின் 2024-25 சீசன் முழுவதையும் ஒரே தாளில் எழுதி வைக்க வேண்டும். உலகக் கோப்பைக்குப் போடுவதுபோல் முதல் சுற்றிலிருந்து கிளை கிளையாகக் கோடு இழுத்தால், மூன்றாம் சுற்றுக்குள் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. எங்கே தவறு? அந்த சீசனில் மறு ஆட்டங்களை (சமநிலையில் முடிந்தால் வேறொரு நாளில் மீண்டும் ஆடுவது) நிறுத்தினார்களே, அதனால் உண்மையில் யாருக்கு நட்டம்? கோப்பையை வென்ற கிரிஸ்டல் பேலஸ் ஐரோப்பிய கிளப் போட்டிகளில் இரண்டாம் நிலையான யூரோப்பா லீகில் இல்லாமல் மூன்றாம் நிலையான கான்ஃபரன்ஸ் லீகில் ஆடியது ஏன் என்பதும் புரியவில்லை.

பதில் 1 | நடுவட்டம்

எஃப்ஏ கோப்பைக்கு முன்கூட்டியே வரைந்த கட்டமே கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாகக் குலுக்கல். முதலில் வரும் பந்துக்குரிய அணிக்குத்தான் சொந்த மைதானம். முதல் சுற்றில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கும் இரண்டு வெற்றியாளர்கள் அடுத்த சுற்றில் மோதவேண்டும் என்ற விதி இல்லை. நீங்கள் வரிசையாக எழுதிக்கொண்டு போவதால்தான் கோடுகள் வெட்டுகின்றன.

இறுதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள், வெட்டவே வெட்டாது. நடுவில் பேலஸ் 1, மான்செஸ்டர் சிட்டி 0. பேலஸ் பக்கம் பின்னால் போனால் ஆஸ்டன் வில்லா 3-0, ஃபுல்லம் 3-0, மில்வால் 3-1, டான்காஸ்டர் 2-0, ஸ்டாக்போர்ட் 1-0. சிட்டி பக்கம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2-0, போர்ன்மத் 2-1, பிளிமத் 3-1, லேட்டன் ஓரியன்ட் 2-1, சால்ஃபர்ட் 8-0. தோற்ற ஒவ்வொரு அணிக்கும் அதேபோல் பின்னோக்கி ஒரு கிளை. உதாரணமாக வில்லாவுக்கு பிரெஸ்டன், கார்டிஃப், டாட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. முதல் சுற்றில் 80 அணிகள்: லீக் ஒன், லீக் டூ (மூன்றாம், நான்காம் அடுக்கு) அணிகள் 48, தகுதிச் சுற்றுகளைக் கடந்து வந்தவை 32. மூன்றாம் சுற்றில் முதல் அடுக்கான பிரீமியர் லீகின் 20 அணியும் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பின் 24 அணியும் புதிதாகச் சேரும். மொத்தம் 124 அணி. மறு ஆட்டம் இல்லாததால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி வெளியே. ஆக 123 ஆட்டங்கள். சுற்றுவாரியாக 40, 20, 32, 16, 8, 4, 2, 1. கூட்டிப் பாருங்கள். இரண்டாம் சுற்றின் 20 வெற்றியாளர்களோடு 44 அணிகள் சேர்வதால்தான் மூன்றாம் சுற்றில் எண் குறையாமல் ஏறுகிறது. பலர் தடுக்கிவிழும் இடம் அதுதான்.

பதில் 2 | டச்லைன்

மறு ஆட்டம் பற்றி. தகுதிச் சுற்றுகளில் அது அந்த சீசனிலும் இருந்தது. முதல் சுற்று முதல்தான் எடுத்தார்கள்: 90 நிமிடத்தில் சமநிலை என்றால் அன்றைக்கே 30 நிமிடம் கூடுதல் நேரம், பிறகு பெனால்ட்டி ஷூட்அவுட். சாம்பியன்ஸ் லீகின் லீக் கட்டம் ஆறு ஆட்டத்திலிருந்து எட்டாகி நாட்காட்டி நெருக்கடியானது முக்கியக் காரணம். பிரீமியர் லீகும் எஃப்ஏவும் (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) பேசி முடிவெடுத்ததைக் கீழ்நிலை கிளப்புகள் பல வெளிப்படையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயம் என்பது என் கருத்து.

மூன்றாம் சுற்றின் டாம்வொர்த் ஆட்டத்தைப் பாருங்கள். ஐந்தாம் அடுக்கு அணி. செயற்கைப் புல் மைதானத்தில் டாட்டன்ஹாமை 90 நிமிடம் 0-0 என்று பிடித்து வைத்தது. பழைய விதிப்படி அடுத்த ஆட்டம் 62,000 பேருக்கு மேல் அமரும் டாட்டன்ஹாம் மைதானத்தில் நடந்திருக்கும். நுழைவுச்சீட்டு வருமானத்தில் டாம்வொர்த்துக்கும் பங்கு. அப்படி ஒரு இரவு ஒரு சின்ன கிளப்பின் பல மாதச் செலவைத் தாங்கும். நடந்தது வேறு: கூடுதல் நேரத்தில் களைத்த கால்களுக்கு எதிராக டாட்டன்ஹாம் மூன்று கோல் போட்டது. முழுநேரத் தொழில்முறை அணிக்கும் மாற்று வீரர் வரிசைக்கும் கூடுதல் நேரம் சாதகம் என்பது ஆடுகளம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். சின்ன அணிக்கு மிச்சமிருப்பது ஷூட்அவுட் வரை இழுத்துப்போகும் வாய்ப்பு மட்டும்.

அதே சீசனில் ஃபாரஸ்ட் மூன்று முறை ஷூட்அவுட்டில் தப்பியது: எக்ஸிட்டர், இப்ஸ்விச், பிரைட்டன். விதி மாறாமல் இருந்தால் மூன்றுக்கும் மறு ஆட்டம்.

பதில் 3 | ஆறடிக்கோடு

ஒரு திருத்தம். மூன்றில் எக்ஸிட்டர் ஆட்டத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும், ஏனென்றால் அது நான்காம் சுற்று. காலிறுதிக்கு மறு ஆட்டத்தை 2016-17இலும், ஐந்தாம் சுற்றுக்கு 2019-20இலும் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். பேலஸுக்கோ இந்த விதி ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. ஆறு ஆட்டமும் 90 நிமிடத்தில் முடிந்தவை. போட்டது 13, வாங்கியது 1.

தாளில் இன்னொரு கோடும் போடுங்கள்: நான்காம் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் நடுவே. வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை) ஐந்தாம் சுற்றிலிருந்துதான் வந்தது. நான்காம் சுற்றில் லெஸ்டருக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் மக்வயர் 93ஆம் நிமிடத்தில் தலையால் முட்டிய வெற்றி கோல் தெளிவான ஆஃப்சைடு. திரும்பிப் பார்க்க வழியில்லை, அப்படியே நின்றது. அடுத்த சுற்றில் போர்ன்மத்–வுல்வ்ஸ் ஆட்டத்தில் ஒரே கோலைச் சரிபார்க்க ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆனது. அரைத் தானியங்கி ஆஃப்சைடு அமைப்பு இருந்தும், கோல் முன்னால் வீரர்கள் நெருக்கியடித்து நின்றதால் அதனால் பிரித்தறிய முடியவில்லை. ஒரே கோப்பைக்குள் சுற்றுக்கு ஒரு நீதி என்பது சரியல்ல.

பதில் 4 | நடுவட்டம்

யூரோப்பா கேள்விக்கு. கோப்பையை வென்றவருக்கு யூரோப்பா லீக் இடம். வென்ற அணி லீக் மூலமாகவே ஐரோப்பாவுக்குப் போயிருந்தால் அந்த இடம் லீக் பட்டியலில் கீழே இறங்கும். இறுதியில் தோற்ற அணிக்குப் போகாது. பேலஸ் லீகில் 12ஆம் இடம், ஆகவே கோப்பை வழி ஒன்றுதான்.

சிக்கல் உரிமையாளரால் வந்தது. பேலஸில் பெரும் பங்கு வைத்திருந்த ஜான் டெக்ஸ்டரின் நிறுவனத்திடம்தான் பிரான்சின் லியோன் கிளப்பும் இருந்தது. லியோனும் யூரோப்பா லீகுக்குத் தகுதி. ஒரே கையின் கீழுள்ள இரண்டு கிளப்புகள் ஒரே போட்டியில் ஆட யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து சங்கம்) விடாது. பங்கு அமைப்பைச் சரிசெய்ய 2025 மார்ச் 1 கடைசி நாள். டெக்ஸ்டர் தன் பங்கை விற்றது அதற்குப் பிறகு. உள்நாட்டு லீகில் மேலே முடித்தவருக்கு முன்னுரிமை என்பதால் 6ஆம் இடத்து லியோன் நிலைத்தது, பேலஸ் இறங்கியது. விளையாட்டுக்கான நடுவர் மன்றமும் ஆகஸ்டில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காலியான இடம் 7ஆம் இடத்து ஃபாரஸ்டுக்கு; அரையிறுதியில் சிட்டியிடம் தோற்ற அதே ஃபாரஸ்ட்.

மேற்குப்படிக்கட்டு

பின்னோக்கி எழுதியதில் கோடுகள் சரியாக உட்கார்ந்தன, நன்றி. இறுதி ஆட்டத்துக்கு நேரே என்னென்ன குறிக்கலாம்?

டச்லைன்

2025 மே 17, வெம்ப்ளி. 16ஆம் நிமிடம் எஸே கோல், முன்யோஸின் பாஸ். 36ஆம் நிமிடம் மர்மூஷின் பெனால்ட்டியை ஹென்டர்சன் தடுத்தார். பேலஸின் முதல் பெரிய கோப்பை. பக்கத்தில் 1990, 2016 என்றும் சின்னதாக எழுதிவையுங்கள். அந்த இரண்டு இறுதியிலும் அவர்கள் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றார்கள்.